மணியக்கா அடிக்காத மணி

மலைப்பாதையில் நடப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. முகம் வீங்கி வந்து நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். விழுந்திருப்பார்கள் என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். வாரக்கணக்கில் நடக்க வேண்டிய அந்த நெடும்பாதையை விழாமல் முடித்தவர் என்று ஒருவரும் கிடையாது. முட்டி பெயர்ந்தவர், உதடு கிழிந்தவர், கால் நகம் பிய்ந்தவர் எல்லாரும் சாயங்காலம் விடுதியில் கூடி, என் காயம் பெரிசா உன் காயம் பெரிசா என்று காட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். பாப்பா கல்யாணமான நாளிலிருந்து இந்த வசதியில்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பாப்பா என்றால் குழந்தை இல்லை, முப்பதைத் தாண்டியவள். வீட்டுக்குக் கடைக்குட்டியானதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, விடாமல் கூடவே வந்துவிட்டது. அவள் புருஷனுக்குப் பாதை முழுக்க மின்னல் என்று பெயர். மற்றவர்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க ஏறுகிற மலையை அவன் அரைக்கால் சட்டையோடு ஓடியே கடப்பான். எல்லா விடுதிச் சுவரிலும் அவன் படம் தொங்கும், முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்போடு. ஒரு தடவை பேசியவர்கள்கூட, என்ன தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கத்தோடு ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவள் பாப்பா ஒருத்திதான். அவளை யாரும் கேட்டதில்லை.

பாப்பாவுக்கு அக்கா ஒருத்தி. பாதையின் மிக உயரமான கணவாயில் இருக்கும் விடுதியை நடத்துகிறவள். ஆள் நல்ல உருட்டுக்கட்டை. கோபம் மூக்கு நுனியில். பருப்பு வேகவில்லை என்று சொன்ன நடைக்காரரை, அடுப்படிக்கு இழுத்துப்போய் நீயே வேகவை என்று கரண்டியைக் கையில் கொடுத்தவள். ஆனாலும் அவளைத் திட்டிக்கொண்டு போனவர் எவருமில்லை, காரணம் அந்த மணி. முற்றத்தில் ஒரு இரும்புத் தூணும் அதன் உச்சியில் பெரிய மணியும் உண்டு. மூடுபனி இறங்கினால் விடுதிக்காரர் அந்த மணியை விடாமல் அடிக்க வேண்டும். பாதையில் இருப்பவர்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்து சேருவார்கள். வருகிறவன் திருடனா, கொலைகாரனா, போன வருஷம் காசு கொடுக்காமல் ஓடிப்போனவனா என்றெல்லாம் பார்க்கக் கூடாது. பனி இருக்கிறவரை மணி அடிக்கணும், அவ்வளவுதான். கை காய்த்துப் போகும்வரை அடித்து அடித்து அவளுக்கு மணியக்கா என்றே பெயர் வந்துவிட்டது.

அந்த விடுதியில் இன்னொரு விதியும் உண்டு. எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. புயலில் விறைத்துப்போய் வருகிறவன் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, தள்ளினால் திறக்க வேண்டும் என்று கட்டினவர்கள் வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். வருகிறவர்கள் நல்லவர்களாக இருக்கிறவரைக்கும்.

இடத்தையும் சொல்லிவிட வேண்டும். முற்றம் முடிகிற இடத்தில் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கும். கீழே எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. பிளவுக்கு அந்தப் பக்கம் தட்டையான ஒரு பாறை, அதன்மேல் விடுதியின் தண்ணீர்த் தொட்டி. இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கும், அவ்வளவு பக்கம். ஆனால் நேராகப் போக முடியாது. விடுதியின் பின்புறமாகப் போய், பிளவு ஆரம்பிக்கிற முனையைச் சுற்றி, பாறையில் அடித்திருக்கும் கம்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பருவம் முழுக்க அக்காவுக்கு ஒத்தாசையாக இருந்த பாப்பா, தினமும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்த் தொட்டியைத் திறந்துவிட்டு வருவாள். அப்போதுதான் மின்னல் அவளைப் பார்த்தான். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதை அங்கேதான் ஆரம்பம்.

அன்று மத்தியானம் மணியக்கா அடுப்படி ஜன்னலோரம் வாக்கி டாக்கியோடு நின்றாள். தினமும் அந்த நேரத்தில் அடுத்த விடுதி, கீழ் விடுதி என்று எல்லாரும் யார் யார் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வராதவரைத் தேடிப் போவதற்காக அந்தப் பழக்கம். ஒரு பல் டாக்டரும் அவர் மனைவி டீச்சரும் வந்துவிட்டதை அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது, மழைக்கோட்டின் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்ட ஒரு உருவம் நொண்டி நொண்டி முற்றத்துக்குள் வந்தது. மழைக்கோட்டைப் பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாங்கிக் கொடுத்த கோட்டுதானே.

"ஏய், என் தங்கச்சியும் வந்துட்டா! எல்லாருக்கும் கேக்குதா? பாப்பா வந்துட்டா, பத்திரமா வந்து சேந்துட்டா!" என்று வாக்கி டாக்கியில் சந்தோஷமாகக் கத்தினாள்.

பாப்பா வாசலில் நின்று தொப்பியைப் பின்னால் தள்ளினாள். இடது கண் மூடிப்போய்ப் பழுத்த கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மேல் உதடு கிழிந்து, முன்பல் பாதி காணாமல் போயிருந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் விரலாகத் தடம். விழுந்தால் முட்டி பெயரும், மூக்கு உடையும். கழுத்தில் விரல் பதியாது.

"யாருக்குக்கா சொன்ன?" என்றாள் பாப்பா. குரல் கரகரவென்று வந்தது. "அவரு கீழ் விடுதியிலதான் இருக்காரு."

மணியக்கா கையிலிருந்த கருவியைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அது கரகரத்தது. கீழ் விடுதிக்காரரின் குரல். நல்ல மனிதர், அவருக்கு என்ன தெரியும்.

"ரொம்ப சந்தோஷம் அக்கா! நம்ம மின்னல் இங்கதான் பக்கத்துல உக்காந்து சூப் குடிச்சிட்டிருந்தாரு. பொண்டாட்டியக் காணோம்னு தவிச்சுப்போயிட்டாரு மனுஷன். நீங்க சொன்னதும் உயிர் வந்துச்சு. இதோ, ஷூவை மாட்டிட்டாரு."

"அவனை விடாதீங்க! பிடிச்சு வைங்க!"

"மின்னலை யாருக்கா பிடிக்க முடியும்?" என்று அவர் சிரித்தார். "போயே போயிட்டாரு. மேல பனி ஏறுது பாத்தீங்களா? மணியை மட்டும் விடாம அடிங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நுணலாக இருந்திருந்தால் மணியக்கா கவலைப்பட்டிருக்க மாட்டாள். இங்கே அவள் வாய் தங்கச்சியையல்லவா கெடுத்துவிட்டது. பாப்பாவை அடுப்படி ஸ்டூலில் உட்காரவைத்து முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க விஷயம் வந்தது. ஓட்டப் பயிற்சியில் அவனுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டுவது பாப்பாவின் வேலை. முந்தின நாள் ஒரு வளைவில் கை தவறி பாட்டில் உருண்டுவிட்டது. அவ்வளவுதான் குற்றம். ராத்திரி அறைக்குள் வந்து, ஊன்றுகோலால் அடித்து, அது வளைந்ததும் கையால் அடித்து, கடைசியில் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தூக்கினான்.

"என்ன சொன்னாரு தெரியுமா? 'நாளைக்குப் பள்ளத்து ஓரத்துல உன்னைத் தள்ளி விட்டுட்டு, கால் தடுக்கி விழுந்துட்டான்னு சொன்னா எவன்டி என்னைக் கேப்பான்?' அப்படின்னாரு. கோவத்துல சொல்லலைக்கா. தண்ணி குடிச்சிட்டு, நிதானமா யோசிச்சு சொன்னாரு. விடிஞ்சதும் அவரு ஓடப் போனாரு. நான் இந்தப் பக்கம் ஏறிட்டேன்."

"போலீஸ் கீழேர்ந்து வர நாளைக்கு ஆயிடும்டி. அடுத்த விடுதிக்கு உன்னால நடக்க முடியுமா?"

பாப்பா கணுக்காலைக் காட்டினாள். அது கணுக்கால் மாதிரியே இல்லை.

பல் டாக்டர் சத்தம் கேட்டு அடுப்படிக்கு வந்தார். ஓய்வு பெற்ற மனிதர், நல்ல குணம். பாப்பாவின் தாடையை மெதுவாகத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். "பாதையில விழுந்தீங்களா?" என்றார். பாப்பா பழக்க தோஷத்தில் தலையாட்டிவிட்டாள். அவர் கண் அவள் கழுத்துக்குப் போய், அங்கே கொஞ்சம் நின்று, திரும்பிவிட்டது. பஞ்சும் மருந்தும் கொடுத்துவிட்டுப் போய்ச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆயுள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொன்னவர், தன் வாயைத் திறக்கவில்லை.

மணியக்கா பாப்பாவைக் காயவைக்கும் அறையில் உட்காரவைத்தாள். ஈர பூட்ஸும் சாக்ஸும் அடுக்கி, சூட்டுக் குழாய் ஓடுகிற ஜன்னலில்லாத அறை. அந்த நாற்றத்துக்கே எவனும் கிட்டே வர மாட்டான். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு முட்டுக் கொடுக்க விறகுக்கட்டை எடுத்து வரலாம் என்று அவள் பின்பக்கக் கொட்டகைக்குப் போனாள். கணக்குப்படி அவன் வர இன்னும் நேரம் இருந்தது. மின்னலுக்கு எப்போது யார் கணக்கு பொருந்தியிருக்கிறது?

அவன் முன்வாசல் வழியாக வந்தான். வேர்வைகூட அதிகமில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த இரண்டு பேரைப் பார்த்து அந்தப் பிரசித்தமான சிரிப்பைச் சிரித்தான். டீச்சர் சுவரிலிருந்த படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். "ஒரே ஒரு போட்டோ தம்பி!" அவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டான்.

"எங்க வீட்டுக்காரி இங்க வந்தாளாம்மா? சின்ன மனஸ்தாபம். கோவிச்சுக்கிட்டு வந்துட்டா."

டாக்டர் மனைவியின் கையைத் தொட்டார். அவள் கவனிக்கவில்லை. "அதுக்கென்னப்பா, புருஷன் பொண்டாட்டின்னா அப்படித்தான். அடிக்கிற கைதான் அணைக்கும். அந்த ரூம்லதான் இருக்கு பொண்ணு. போய் சமாதானப்படுத்து, போ" என்று கதவைக் காட்டினாள். நல்ல எண்ணத்தில்தான் காட்டினாள். நல்ல எண்ணம் படைத்தவர்களால் பாப்பா பட்டது கொஞ்ச நஞ்சமல்ல.

கொட்டகையில் மணியக்காவுக்கு முதலில் கேட்டது பூட்ஸ் அலமாரி சரிந்த சத்தம். கட்டைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அடுப்பைத் தாண்டும்போது தணல் கிளறுகிற இரும்புக் கம்பி கையோடு வந்தது. காயவைக்கும் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவன் பாப்பாவின் முடியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான். சூட்டுக் குழாயில் அவள் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். பாப்பா கத்தவில்லை. கத்தினால் அதிகமாகும் என்று பழகிப்போனவள், பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். தோல் கருகுகிற வாடை சாக்ஸ் நாற்றத்தையும் மீறி வந்தது.

"டேய்!" என்று மணியக்கா கம்பியை வீசினாள். அது அவன் காதைப் பிய்த்துக்கொண்டு தோளில் இறங்கியது. அவன் பாப்பாவை விட்டான். இன்னொரு அடி ஓங்குவதற்குள் அவன் கால் அவள் வயிற்றில் இருந்தது. மலை ஏறி ஏறி உரமேறிய கால். அவள் வாசற்படியில் போய் விழுந்தாள். எழுவதற்கு இடது கையை நிலையில் ஊன்றினாள். அவன் நிதானமாகக் கதவைப் பிடித்து அந்தக் கையின்மேல் சாத்தினான். மறுபடி திறந்து மறுபடி சாத்தினான். எலும்பு முறிந்த சத்தம் சாப்பாட்டுக் கூடம்வரை கேட்டது.

வலியில் கண் இருட்டினாலும் அவள் விடவில்லை. எட்டியது அவன் கெண்டைக்கால், அதைப் பிடித்துக் கடித்தாள். சதை வாயோடு வந்தது. முதல் தடவையாக மின்னல் ஊளையிட்டான். "ஓடுடி!" என்று ரத்த வாயோடு கத்தினாள். பாப்பா அவர்கள் இருவரையும் தாண்டிக் குதித்து, வெறுங்காலோடு, நொண்டிக்கொண்டே அடுப்படி வழியாகப் பின்வாசலில் பாய்ந்தாள்.

மின்னல் அக்காவின் முகத்தில் ஒரு உதை விட்டுக் காலை உருவிக்கொண்டான். காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் வழிந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் டாக்டர் ஸ்பூனைப் பிடித்தபடி நின்றிருந்தார். டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். அவன் அவர்களைப் பார்த்து மறுபடியும் சிரிக்க முயற்சி பண்ணினான். "குடும்ப விஷயம். நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, அவளை மடக்கிவிடலாம் என்று முன்வாசல் வழியாக வெளியே ஓடினான். வெளியே உலகமே இல்லை. பனி ஏறி வந்து முற்றத்தை மூடியிருந்தது. தன் முழங்கைக்கு அப்பால் எதுவும் தெரியாத வெள்ளை.

மணியக்கா ஒடிந்த கையை மடியில் அணைத்துக்கொண்டு தூணுக்கு ஊர்ந்து போனாள். வலது கையால் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மணி அடித்தது. பாப்பா வெறுங்காலோடு பனிக்குள் இருக்கிறாள், எங்கே இருக்கிறாள் என்று தெரியாது, ஒரு அடி தப்பினால் போச்சு. மணி அடித்தால் அவளுக்கு விடுதி எங்கே என்று தெரியும். அவனுக்கும் தெரியும். அந்தப் பாழாய்ப்போன சத்தத்துக்கு இவள் வேறு அவன் வேறு என்று தெரியாதே. அடிப்பதா நிறுத்துவதா என்று புரியாமலே அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள். டாக்டரும் டீச்சரும் அவள் பின்னால் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் போக்கிடம் இல்லை.

பனிக்குள்ளிருந்து மின்னலின் குரல் வந்தது. முதலில் தேன் ஒழுகியது. "பாப்பா... செல்லம்... வாம்மா, வீட்டுக்குப் போலாம்." அப்புறம் கொஞ்சம் தள்ளி வேறு பக்கத்திலிருந்து, "என்னடி, அக்கா இருக்கான்னு தைரியமா?" அப்புறம் வந்ததெல்லாம் எழுதத் தகாதது. பாப்பாவின் உடம்பில் எந்தெந்த இடத்தை என்னென்ன செய்வேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அவன் பனிக்குள் வட்டமடித்தான். போட்டோ எடுத்துக்கொண்ட டீச்சர் ஒன்றுவிடாமல் கேட்டாள்.

மணியக்கா மணியை நிறுத்தினாள். தங்கையின் காலடியோ மூச்சோ எதாவது கேட்காதா என்ற நப்பாசையில்தான் நிறுத்தினாள். கணவாயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அப்போது பாப்பா பேசினாள்.

"என்னங்க."

சாதாரணமாக, வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"எங்கடி இருக்க?"

"இங்கதாங்க. முற்றத்துல, மணிக்குப் பக்கத்துல."

மணிக்குப் பக்கத்தில் இருப்பது மணியக்காதான், பாப்பா இல்லை. பாப்பாவின் குரல் எதிரிலிருந்து வந்தது, பிளவுக்கு அப்பாலிருந்து. பின்வாசலில் ஓடியவள் கம்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றிப்போய் தொட்டிப் பாறையில் நிற்கிறாள். அவன் இந்தப் பக்கம், பனியில் திசை கெட்டு, முற்றத்தின் ஓரத்தில் எங்கேயோ நிற்கிறான்.

"உங்கக்கா எங்க? மணி ஏன் நின்னுபோச்சு?" அவனுக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை.

"அக்கா விழுந்து கிடக்காங்க. பேச்சு மூச்சு இல்லை. இனிமே மணி அடிக்க மாட்டாங்க. எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க நேரா வாங்க."

அந்த வார்த்தை அவனுக்குச் சொன்னது மட்டுமல்ல. அக்காவுக்கும் சொன்னது. இனிமே மணி அடிக்க மாட்டாங்க. மணியக்கா அதைக் கேட்டாள், புரிந்துகொண்டாள், புரிந்ததும் கயிற்றைப் பிடித்திருந்த கை தானாகவே இழுக்கத் துடித்தது. எத்தனை வருஷத்துப் பழக்கம். பனியில் ஒரு மனிதன் ஓரத்துக்குப் போகிறான் என்று தெரிந்தால் அவள் தூக்கத்தில்கூட எழுந்து அடிப்பாள். ஒரே ஒரு அடி போதும். மணி தன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, பெண்டாட்டியின் குரல் முன்னால் இருக்கிறது என்று தெரிந்த கணமே அவன் நின்றுவிடுவான். அவன் முட்டாள் இல்லை. பிழைத்துக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றி, கம்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொட்டிப் பாறைக்குப் போவான். அங்கே வேறு வழி கிடையாது. பாப்பாவை ஓரத்துக்கு இழுத்துப்போய்த் தள்ளிவிட்டு, கால் தடுக்கி விழுந்துட்டா என்பான். ஊர் உலகம் அவன் தோளில் கைபோட்டு ஆறுதல் சொல்லும்.

டாக்டருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. முற்றத்தில் பாப்பா இல்லை என்பதும், மத்தியானம் அவரே நின்று படமெடுத்த பிளவு எந்தப் பக்கம் என்பதும் ஞாபகம் வந்தது. "அம்மா, மணியை அடிங்க!" என்று ரகசியக் குரலில் பதறினார். "அந்த ஆள் நேரா பள்ளத்துக்குப் போறான். அடிங்கம்மா! இது கொலை!" அவர் கயிற்றுக்குக் கை நீட்டினார். மணியக்கா ஒடிந்த கையோடு தூணைக் கட்டிக்கொண்டு, தலையால் அவர் முகத்தில் முட்டினாள். மூக்குடைந்து, கண்ணாடி தெறித்து, அவர் மல்லாந்து விழுந்தார். விழுந்தவர் வாயைத் திறந்தார். சத்தம் போட்டு எச்சரிக்கத்தான் திறந்தார்.

"வரேன்டி" என்றது பனிக்குள்ளிருந்து மின்னலின் குரல். அதில் இப்போது கோபமே இல்லை, சிரிப்பு இருந்தது. "உங்கக்கா போயிட்டாளா? நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் விழுந்துட்டீங்கன்னு சொல்லிக்கறேன். நில்லு அங்கயே."

டீச்சர் புருஷனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி அவர் வாயை இரண்டு கையாலும் அழுத்திப் பொத்தினாள். "மூச்சு விட்டீங்கன்னா பாருங்க" என்றாள். அவள் உள்ளங்கைக்குக் கீழே அவர் திமிறினார். அவள் விடவில்லை.

"வாங்க" என்றது எதிர்ப்பாறை. "நேரா வாங்க. நான் எங்கயும் போகலை."

காலடிச் சத்தம் கேட்டது. மின்னலுக்கு நடக்கத் தெரியாது, எப்போதும் ஓட்டம்தான். கல்லில் ஷூ சரசரவென்று வேகமெடுத்தது. மணியக்கா கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டாள், கையை நம்ப முடியாமல். சரசர, சரசர, சரசர. அப்புறம் காலடி இல்லை. "ஏய்" என்று ஒரே ஒரு சத்தம், யாரோ விளையாட்டில் தள்ளிவிட்டதற்குக் கோபித்துக்கொள்வதுபோல. ஒரு கனத்த பொருள் பாறையில் மோதியது, இன்னும் கீழே மறுபடி மோதியது, அதற்கும் கீழே ஒரு தடவை. பின்னாலேயே கற்கள் வெகு நேரம் உருண்டன.

டீச்சர் கையை எடுத்தாள். டாக்டர் எழுந்து உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மணியக்கா கயிற்றை வாயிலிருந்து எடுத்து இழுத்தாள். அடித்தாள், அடித்தாள், தோள் கழன்றுவிடும்போல அடித்தாள். பாப்பாவுக்குத் திரும்பி வர வழி வேண்டுமே. வெகு நேரத்துக்குப் பிறகு விடுதியின் பின்பக்கமிருந்து சுவரைத் தடவிக்கொண்டே பாப்பா வந்தாள். பாதத்திலிருந்து ரத்தம். கன்னத்தில் குழாயின் தடம் வெந்து கிடந்தது. அவள் அழவில்லை, நடுங்கவில்லை. தொட்டியைத் திறந்துவிட்டு வந்தவள் மாதிரி வந்து நின்றாள்.

அக்காவுக்கு ஒரே பயம்தான். டாக்டர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நாளைக்குப் போலீஸ் வரும், நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள். தங்கச்சிக்கு ஒரு வழி போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று, சத்தமாகவே கேட்டாள்.

"பனியில நீ எங்க நிக்கறேன்னு உனக்கே தெரியலை, இல்லடி? பயத்துல முற்றம்னு நினைச்சுக் கூப்பிட்டுட்ட. அப்படித்தானே? தலையாட்டு."

கல்யாண வாழ்க்கை முழுக்க விழுந்துட்டேன் என்று பொய் சொன்னவள், அந்த ஒரு தடவை தலையாட்டவில்லை.

"இல்லக்கா. தெரியும். தொட்டிக்கிட்டதான் நின்னேன். அவரு எந்தப் பக்கம் நிக்கறாருன்னு கேட்டுக் கேட்டு, நேரா வர்ற மாதிரி நகந்து நகந்து நின்னுதான்..."

"வாயை மூடுடி!" என்று பதறி, அவள் வாயைப் பொத்துவதற்காக மணியக்கா கையைத் தூக்கினாள்.

பாப்பா சட்டென்று தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் மண்டையை மூடிக்கொண்டு, முற்றத்துக் கல்லில் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். முழங்காலை வயிற்றோடு சேர்த்து, அடி எங்கே விழுந்தாலும் முகத்தில் மட்டும் விழாதபடி, நன்றாகப் பழகிய ஒழுங்கோடு.

மணியக்காவின் கை ஓங்கினபடியே நின்றுவிட்டது. இறக்கினால் அடிப்பதாக நினைத்துக்கொள்வாளோ என்று இறக்கப் பயந்தாள்.

"நான்டி" என்றாள். "பாப்பா, நான்டி. அக்காடி."

பாப்பா கையை எடுக்கவில்லை.